அப்பத்தா சொல்லும் ‘ரவணபவச’: அர்த்தம் தெரியாமல் சொன்னால் நாமம் சேருமா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பறையில் உங்கள் அப்பத்தா விடியக்காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கந்த சஷ்டி கவசம் சொல்கிறார். நடுவில் ‘ரவணபவச ரரரர ரரர’ என்று வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ‘எனக்கென்னய்யா தெரியும், முருகனுக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டுப் பூண்டை உரிக்கப் போய்விட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. ‘அர்த்தமே தெரியாமல் ஐம்பது வருஷம் சொல்லி என்ன பிரயோஜனம்? சரவணபவ, அரோகரா எல்லாம் வெறும் சத்தம்தானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே மலைதான், தாண்டிக்குடிக்காரன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரில் நாலைந்து பேர் கூடித் திருப்புகழ் படிப்போம். இன்றைக்கும் அதில் உட்காருகிறேன். நீங்கள் கேட்டதை என் அம்மாவிடம் நானும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ரவணபவச’. ஒரு காகிதத்தில் ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்தையும் வட்டமாக எழுதுங்கள். ‘ச’வில் தொடங்கிச் சுற்றினால் சரவணபவ. ஓர் எழுத்து தள்ளி ‘ர’வில் தொடங்குங்கள்: ர-வ-ண-ப-வ-ச. அப்பத்தா சொல்வது அதுதான்! கடைசி ‘வ’வில் தொடங்கினால் வ-ச-ர-வ-ண-ப. கவசத்தில் சில அடி தள்ளி ‘வசர வணப வருக வருக’ என்று வருகிறதா? அதுவும் அதே சக்கரம்தான். இடையில் ‘வி’ என்றும் ‘நி’ என்றும் தொடங்கும் அடிகளிலும் இதே எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. சில புத்தகங்களில் ‘வ’ வரும் இடத்தில் ‘ஹ’ போட்டு ‘ரஹணபவச’ என்று அச்சாகியிருக்கும். இரண்டு வழக்கும் உண்டு. அறுகோணச் சக்கரம் வரைந்து மூலைக்கு ஓர் எழுத்தாக அடைத்து முருகனை வழிபடும் முறை பழையது. எந்த மூலையில் தொடங்கினாலும் சுற்றி முடிக்கும்போது அவன் பெயர் முழுசாக வந்துவிடும். கவசத்தைப் பாடிய தேவராய சுவாமிகள் அந்தச் சக்கரத்தைத் தரையில் வரையாமல் நம் நாக்கில் வரைந்து வைத்திருக்கிறார்.

அடுத்து ‘ஐயும் கிலியும் அடைவுடன் சௌவும்’. கிலி என்றால் பயம், முருகனைக் கூப்பிடும் இடத்தில் பயம் எதற்கு என்று என்னிடம் படித்த பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள். அது பயம் இல்லை. ஐம், க்லீம், சௌ என்ற மூன்று பீஜ எழுத்துகள். பீஜம் என்றால் விதை. இந்த மூன்றும் அம்பிகையின் பாலா மந்திரத்துக்கு உரியவை. வடமொழியில் மூக்கொலியோடும் மெய்யெழுத்துக் கூட்டோடும் வருவதைத் தமிழ் வாய்க்கு வருகிற மாதிரி ஐ, கிலி, சௌ என்று இளக்கி, ‘உம்’ சேர்த்து, செய்யுள் அடிக்குள் உட்கார வைத்திருக்கிறார் தேவராயர். அடுத்த அடிகளில் அவற்றையும் முன்பின்னாக மாற்றிக் கோத்துக்கொண்டே போகிறார். பிள்ளையைக் கூப்பிடும் பாட்டுக்குள் தாயின் எழுத்துகளை விதைத்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்றாவது வகை ‘செககண செககண’, ‘மொகமொக மொகமொக’, ‘நகநக நகநக’ என்று ஓடும் அடிகள். இவற்றுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டாம். அதற்கு நேர் மேலே உள்ள அடியைப் பாருங்கள்: ‘திருவடி யதனில் சிலம்பொலி முழங்க’. சிலம்பு முழங்குகிறது என்று சொன்ன கையோடு அந்த முழக்கத்தையே கேட்க வைக்கிறார். நம்மூர் நாட்டியத்தில் ஜதி சொல்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. வரப்போகிறவனின் காலடி அது. தூரத்தில் கேட்டது கிட்டே வருகிறது. அதனால்தான் அந்த இடத்தில் சொல்கிறவர்கள் எல்லாருக்கும் தானாகவே வேகம் கூடும். அப்பத்தாவுக்கும் கூடும், கவனித்துப் பாருங்கள்.

ஆக, வெறும் சத்தம் என்று நீங்கள் நினைத்த மூன்று இடத்தில் ஒன்று எழுத்துச் சக்கரம், ஒன்று விதை, ஒன்று சிலம்பு. அர்த்தம் இல்லாத இடம் அந்தப் பாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி அர்த்தமும் இல்லை. ‘காக்க காக்க கனகவேல் காக்க’ என்பதற்கு இருக்கும் பொருள் ஒரு வகை, ‘செககண’வுக்கு இருக்கும் பொருள் வேறு வகை. நம் படிப்பு முதல் வகையை மட்டும்தான் பொருள் என்று பழக்கிவிட்டது.

இனி நாமங்களுக்கு வருகிறேன். சரவணம் என்றால் நாணல் காடு. பவ என்பது பிறந்தவனைக் குறிக்கும் சொல். சிவனின் நெற்றிக்கண்ணில் பிறந்த ஆறு பொறிகளை வாயுவும் அக்கினியும் தாங்கமாட்டாமல் கங்கையில் விட, கங்கை அவற்றைக் கொண்டுபோய்ச் சரவணப் பொய்கையில் சேர்த்தது என்பது கந்தபுராணக் கதை. தேவர்களால் தாங்க முடியாத நெருப்பை நாணலும் தண்ணீரும் ஏந்திக்கொண்டன. சரவணபவ என்று சொல்லும்போது அந்த நாணல் புதர் என் கண்முன் வந்துவிடும்.

இதில் ஒரு இலக்கணச் சங்கதி இருக்கிறது, அதை விட்டுவிட மனமில்லை. சரவணபவ என்பது ‘சரவணத்தில் பிறந்தவன்’ என்று அவனைப் பற்றி யாரிடமோ சொல்வது அல்ல. ‘சரவணத்தில் பிறந்தவனே’ என்று அவனையே கூப்பிடுவது. முருகா, குகா, கந்தா, வேலா எல்லாமே அப்படித்தான். தமிழில் எட்டாம் வேற்றுமைக்கு விளி என்று பேர். மற்ற ஏழு வேற்றுமையிலும் பெயர் ஒரு செய்தியின் பகுதியாக நிற்கும். விளியில் மட்டும் பெயர் தன்னந்தனியாக நின்று ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ‘முருகா’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் முருகு என்ற சொல்லுக்கு இளமை, அழகு, மணம், தெய்வத்தன்மை என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாம் சரிதான். ஆனால் அந்த ‘ஆ’வுக்கு அர்த்தம் ‘இங்கே பார்’ என்பது. அந்த அர்த்தம் உங்கள் அப்பத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அர்ச்சனையில் நாமம் வேறு வேற்றுமைக்குப் போய்விடும். குருக்கள் ‘சரவணபவாய நமஹ’ என்பார். அந்த ‘ஆய’ வடமொழியின் நான்காம் வேற்றுமை, நம் ‘கு’ உருபு மாதிரி. நமஹ என்றால் வணக்கம். சரவணபவனுக்கு வணக்கம், அவ்வளவுதான். நமசிவாய என்ற ஐந்தெழுத்தும் இதே கட்டுமானம்: வணக்கம், சிவனுக்கு. தமிழில் அந்த இடத்தில் போற்றி என்கிறோம். 2021-ல் ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ என்று அரசு தொடங்கிய பிறகு பல பெரிய கோயில்களில் நூற்றெட்டுப் போற்றி கேட்டுச் செய்துகொள்ளலாம். பொருள் தெரிந்து கைகூப்ப வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வது நல்லது.

அரோகரா என்பது ‘ஹர ஹர’ என்பதன் தமிழ் வடிவம். ஹரன், நமக்கு அரன். பாவத்தையும் துன்பத்தையும் போக்குகிறவன். சிவபெருமானின் பெயர். ‘அரன் நாமமே சூழ்க வையகமும் துயர் தீர்கவே’ என்று ஞானசம்பந்தர் பாடியதில் உள்ள அதே அரன்தான். முருகன் மலையில் அப்பன் பெயரை எதற்குச் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். கந்தபுராணத்தில் சிவனே சொல்கிறார், ‘அவனும் யாமும் பேதகம் அன்றால்’ என்று. கவசத்துக்குள் தாயின் எழுத்து, காவடிக்கு முன்னால் தகப்பன் பெயர், நடுவில் பிள்ளை நிற்கிறான். பழனிப் படியில் ‘கந்தனுக்கு’ என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க ‘அரோகரா’ என்று கூட்டம் முடிக்கும்போது நடப்பது இதுதான்: பிள்ளை பெயரைச் சொல்லித் தொடங்கி அப்பன் பெயரில் முடிக்கிறோம்.

மற்ற பெயர்களில் குகனும் கந்தனும் எனக்குப் பிரியமானவை. குகன், குகையில் இருப்பவன். குகை என்பது நம் நெஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கந்தன் என்ற பெயருக்குக் கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் சொல்லும் கதை, ஆறு குழந்தைகளாக இருந்தவனை அம்பிகை ஒன்றாகச் சேர்த்தெடுத்தபோது வந்த பெயர் என்பது. வடமொழி வேரைப் பார்த்தால் ஸ்கந்த என்பதற்குத் துள்ளுதல், பாய்தல், சிந்துதல் என்ற பொருள் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. ஏனென்றால் எங்கள் ஊர்ப் பெயருக்கு எங்கள் பெரியவர்கள் சொல்லும் காரணம், முருகன் இந்த மலையில் இருந்து பழனி மலைக்குத் தாண்டிக் குதித்தான், தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆயிற்று என்பது. பாலமுருகன் கோயில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சொல் ஆராய்ச்சிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேர்ச்சொல் அகராதியைக் கண்ணால் பார்க்காத எங்கள் கிழவர்கள், துள்ளிப் பாய்கிறவன் என்று அவனைச் சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. குழந்தை வேலப்பர். பூம்பறைக்கு வந்த அருணகிரிநாதர் ராத்திரி தூங்கும்போது ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாள், முருகன் குழந்தையாக அவர் மேல் படுத்துக்கொண்டான், யாரோ தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் விட்டுவிட்டுப் போனாள் என்று அங்கே சொல்வார்கள். அப்பத்தாவைக் கேளுங்கள், இன்னும் விரிவாகச் சொல்வார். பூம்பறைக்கு அவர் பாடிய திருப்புகழும் இருக்கிறது. தொல்காப்பியம் குறிஞ்சித் தெய்வத்தைச் ‘சேயோன் மேய மைவரை உலகம்’ என்கிறது. மைவரை, மேகம் கருத்து நிற்கும் மலை, நம் மலைதான். சேய் என்ற சொல்லுக்குச் சிவப்பு என்று ஒரு பொருள், குழந்தை என்று ஒரு பொருள், தொலைவு என்று ஒரு பொருள். கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயில் முற்றத்தில் இருந்து மேகம் விலகுகிற நேரத்தில் கீழே பழனி மலை சின்னதாகத் தெரியுமே, அங்கே நின்று சேயோன் என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். மூன்று பொருளும் ஒன்றாக வந்து நிற்கும்.

சரி, உங்கள் கேள்வியின் முள் இன்னும் இருக்கிறது. பொருள் இவ்வளவு இருக்கிறது என்றால், அது தெரியாமல் சொன்னது வீணா?

இதில் நம் பெரியவர்களே இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள். ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ சிவன் அடிக்கீழ்ச் சேர்வார் என்று சிவபுராணத்தை முடிக்கிறார் மாணிக்கவாசகர். பொருளுணர்ந்து என்று அழுத்தியே சொல்கிறார். கொடுமுடியில் சுந்தரர் பாடியது வேறு: ‘நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே’. நான் மறந்தாலும் நாக்கு சொல்லும். மனசு விட்டுப்போன இடத்திலும் நாக்கு பிடித்துக்கொள்ளும் என்கிறார். பெரியாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போய், கடைசி நேரத்தில் நினைக்க முடியுமோ முடியாதோ, ‘அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்’ என்று அரங்கனிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கிறார். பொருளுணர்ந்து சொல் என்பவரும், நாக்குக்குப் பழக்கு என்பவரும் ஒரே பாதையில் போகிறவர்கள்தான். யார் முன்னால், யார் பின்னால் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வரிசையைக் கந்தர் அனுபூதியில் அருணகிரிநாதர் கணக்காக வைத்திருக்கிறார்:

‘முருகன் குமரன் குகன் என்று மொழிந்து
உருகும் செயல் தந்து உணர்வு என்று அருள்வாய்’

மொழிவது முதலில். உருகுவது அடுத்து. உணர்வு கடைசியில். முதலாவதை நாம் செய்கிறோம். மற்ற இரண்டையும் ‘தந்து’, ‘அருள்வாய்’ என்று அவனிடம் கேட்கிறார். உணர்ந்த பிறகுதான் மொழிய வேண்டும் என்று அவர் வைத்திருந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் வாயைத் திறந்தே இருக்க மாட்டோம். உங்கள் அப்பத்தா முதல் இரண்டிலும் இருக்கிறார் என்றுதான் நீங்கள் எழுதியதைப் படித்தால் தெரிகிறது. ‘முருகனுக்குத் தெரியும்’ என்று அவர் சொன்னது உங்கள் வாயை அடைக்கச் சொன்னது இல்லை. மூன்றாவது யார் கையில் இருக்கிறதோ அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. தைப்பூசத்துக்கு ஊரில் இருந்து பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தில் முதல்தடவையாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். மலை இறக்கத்தில் மேகம் அப்படியே பாதையில் இறங்கிவிட்டது. டார்ச் அடித்தால் வெளிச்சம் ஒரு கை தூரத்தில் வெள்ளைத் துணியில் பட்டமாதிரி நின்றுவிடும். முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. வேல் பிடித்துப்போன குருசாமி ஒரு ஏற்பாடு செய்தார். அவர் ‘வேல் வேல்’ என்பார், ஒவ்வொருவராக ‘வெற்றிவேல்’ என்று சொல்ல வேண்டும். குரல் முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் வரிசையாக வரும். கடைசிக் குரல் என்னுடையது.

என் காலில் முள் ஏறிவிட்டது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து எடுக்கப் பார்த்தேன். தலையைத் தூக்கினால் ஒருவரும் இல்லை. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் பாதை என்று தெரியவில்லை. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. அப்போது வாயில் தானாக வந்தது ‘முருகா’ என்பது. நான் நினைத்துச் சொன்னது இல்லை. அம்மா தினமும் சொல்லிச் சொல்லி என் காதில் போட்டு வைத்திருந்தது. ஒருதரம் வந்த பிறகு குரல் கட்டு விட்டது. ‘முருகா முருகா’ என்று அழுதுகொண்டே கத்தினேன். கீழே இருந்து ‘வேல் வேல்’ என்று குருசாமி குரல் கேட்டது. கடைசிக் குரல் வரவில்லை என்று அவர் ஏற்கெனவே கூட்டத்தை நிறுத்தியிருக்கிறார். நான் ‘வெற்றிவேல்’ என்றேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் சட்டையில் விபூதி வாசனையும் பீடி வாசனையும் அடித்தது இன்னும் மூக்கில் இருக்கிறது.

கல்லூரியில் தமிழ் படிக்கும்போது அருணகிரிநாதரின் கந்தர் அலங்காரம் கைக்கு வந்தது. ‘மொழிக்குத் துணை முருகா எனும் நாமங்கள்’ என்று ஒரு அடி. கொஞ்சம் தள்ளி ‘பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே’. பயந்த தனிவழி! எனக்கு அந்த மலை இறக்கம் அப்படியே திரும்பி வந்தது. முருகா என்ற சொல் எனக்கு என்ன செய்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மொழி அடைத்துப்போன நேரத்தில் மொழிக்குத் துணையாக வந்தது, வழி தெரியாத நேரத்தில் வழிக்குத் துணையாக வந்தது. சொன்னது ஒன்பது வயதில், புரிந்தது இருபத்தொன்றில். நடுவில் பன்னிரண்டு வருஷம். ஒரு குறிஞ்சிப் பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் உள்ள இடைவெளி. 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான் பூக்கும். அதுவரைக்கும் நம் மலைச்சரிவில் அது வெறும் புதர் என்றுதான் சுற்றுலா வருகிறவர்கள் தாண்டிப் போவார்கள். அதைக் குறிஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நாம்.

அதற்காகப் பொருள் தேட வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் நான் ‘பன்னிரண்டு ஆயுதம் பாசாங்குசமும்’ என்ற அடியைப் பாசாங்கு, சமம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முருகன் கையில் பாசாங்கு எதற்கு என்று மனசுக்குள் ஒரு உறுத்தல். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஒரு ஓதுவார் பாசம், அங்குசம் என்று பிரித்துக் காட்டினார். பாசம் கயிறு, அங்குசம் யானையைத் திருப்பும் துறட்டி. ஓடுகிற மனசைக் கட்ட ஒன்று, அடம்பிடிக்கிற மனசைத் திருப்ப ஒன்று. அதற்குப் பிறகு அந்த அடியை என்னால் வேகமாகச் சொல்ல முடிந்ததில்லை. பொருள் தெரிவதால் வரும் லாபம் அதுதான்: கடந்து போய்க்கொண்டிருந்த இடத்தில் நின்றுவிடுவோம்.

வாட்ஸ்அப்பில் வருகிற பட்டியல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ச’ சொன்னால் பணம், ‘ர’ சொன்னால் படிப்பு என்று எழுத்துக்கு ஒரு பலன் எழுதி வருவதையும், இந்த மந்திரம் இத்தனை அதிர்வெண்ணில் மூளையை மாற்றுகிறது என்று வருவதையும் நான் ஏற்பதில்லை. நாமத்துக்கு அப்படிப்பட்ட சாட்சிக் கையெழுத்து தேவை இல்லை. ஒரே சொல்லை நிதானமாகச் சொல்லும்போது மூச்சு சீராகிறது, மனசு அடங்குகிறது என்பது உட்கார்ந்து சொல்கிற யாருக்கும் பத்து நிமிஷத்தில் தெரியும். அதற்கு மேல் கூட்டிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எதையோ விற்க வந்தவர்கள்.

உபதேசம் வாங்காமல் சொல்லலாமா என்றால், பீஜம் சேர்த்து முறையாக ஜபம் செய்வதற்குக் குரு வேண்டும் என்பது மரபு; அதை மதிக்கிறேன். முருகா என்று கூப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கவசம் போன்ற தோத்திரப் பாட்டுக்கும் வேண்டாம்.

எப்படித் தொடங்குவது? ஜபத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள்: வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனசுக்குள் சொல்வது. மூன்றாவது உயர்ந்தது என்று படித்துவிட்டு நேராக அங்கே போகாதீர்கள். மனசுக்குள் தொடங்கினால் இரண்டு நிமிஷத்தில் ஆபீஸ் வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். வாய்விட்டே தொடங்குங்கள். ஒரே ஒரு நாமம், ஒரே நேரம், விரல்கணுவில் எண்ணி நூற்றெட்டு. கவசத்திலேயே ‘ஒருநாள் முப்பத்தாறு உருக்கொண்டு’ என்று வரும். இங்கே உரு என்றால் ஒரு தடவை முழுசாகச் சொல்வது. அதே சொல்லுக்கு வடிவம் என்றும் பொருள். சொல்லச் சொல்ல வடிவம் கூடி வரும் என்று பழையவர்கள் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். முப்பத்தாறு உரு நம் வேலை நாளில் நடக்கிற காரியம் இல்லை; ஒரு உரு, பதம் பிரித்த புத்தகத்தைப் பார்த்து, நிறுத்திச் சொன்னால் போதும். வாரத்துக்கு நாலு அடிக்குப் பொருள் தேடுங்கள்.

சூலமங்கலம் சகோதரிகள் பாடியதைப் போனில் போட்டுவிட்டு வேலை பார்ப்பது பற்றி: அது நல்லதுதான், நம் தலைமுறையில் பாதிப்பேருக்குக் கவசம் பாடமானதே கோயில் ரேடியோ செட்டில் அந்தக் குரலைக் கேட்டுத்தான். ஆனால் அது கேட்பது. சொல்வது வேறு. நீங்கள் கூப்பிட வேண்டியதை இன்னொருவர் கூப்பிட முடியாது.

கடைசியாக அப்பத்தா விஷயம். நாளைக்குக் காலையில் அர்த்தம் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு பூண்டை எடுத்து உரியுங்கள். இந்தப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வயதில், எந்தக் கஷ்டத்தில் சொல்ல ஆரம்பித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எங்காவது எழுதி வையுங்கள். பிறகு அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். ‘பாசாங்குசம்’ வரும்போது அவர் எப்படிச் சொல்கிறார் என்று காது கொடுங்கள். மாற்றிச் சொன்னால் நிறுத்தித் திருத்த வேண்டாம். உங்கள் குரலில் அதைச் சரியாகச் சொல்லிக்கொண்டு கூடவே போங்கள். ‘ரவணபவச’ வரும் இடத்தில், பாட்டு முடிந்த பிறகு, அடுப்புச் சாம்பலிலேயே விரலால் வட்டம் போட்டு ஆறு எழுத்தையும் எழுதிக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு அப்பத்தா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், தம்பி.